மலையில் தங்கியவர்கள்

நாமக்கல்லில் ஏறிய பேருந்து சேந்தமங்கலத்தைத் தாண்டும்போதே கொல்லிமலை எதிரே வந்து நின்றுவிடுகிறது. தை மாதம். மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. வண்டியில் பாதிப் பேர் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போகிறவர்கள். மீதிப் பேர் மலைக்காரர்கள். கீழே வந்து பருப்பு, எண்ணெய், பிள்ளைகளுக்குத் துணி என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள். பக்கத்தில் இருந்தவர், “அருவிக்குத்தானுங்களா?” என்று கேட்டார். வாழவந்தி நாட்டுக்கு என்றேன். “அங்க யாரு இருக்காங்க?” என்றார். இரண்டு கல்லறைகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. “வெள்ளைக்காரர் சமாதிங்களா? போயிட்டு வாங்க. எங்க தாத்தாவுக்கு அவருதான் பல்லு புடுங்கினாராம்.”

அவர் சொன்ன வெள்ளைக்காரர் ஜெஸ்ஸி பிராண்ட். இறந்தது 1929-ல். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு குடும்பம் அவர் பிடுங்கிய பல்லை நினைவில் வைத்திருக்கிறது.

காரவள்ளி அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதைத் தாண்டும்போது காது அடைக்கிறது, ஐம்பதுக்கு மேல் குளிர் தெரிகிறது. முன்னிருக்கையில் ஒரு சிறுமி வாந்தியெடுத்துவிட்டு அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள். இந்தச் சாலை இல்லாத காலத்தில், 1913-ல், ஜெஸ்ஸியும் ஈவ்லினும் சேந்தமங்கலத்தில் திருமணம் முடித்த அன்றே மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் தொப்பலாக நனைந்துதான் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. லண்டனில் செல்வச் செழிப்புள்ள வணிகக் குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர். ஓவியம் தீட்டுவதில் ஆசை கொண்டவர். ஜெஸ்ஸி அவரைவிட ஆறு வயது இளையவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சபையமைப்பின் ஊழியராக 1907-ல் இந்தியா வந்தவர். முழு மருத்துவர் அல்லர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனெரிகளுக்குக் கற்றுத்தந்த அடிப்படை மருத்துவம் மட்டும் தெரியும்.

கொல்லிமலைக்கு அந்நாளில் இருந்த பெயர் நல்ல பெயரல்ல. மலைக்காய்ச்சல் பயத்தில் சமவெளிக்காரர்கள் அங்கே இரவு தங்கத் தயங்கினார்கள். வியாபாரி போவார், சரக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். வரி வசூலிக்கும் அதிகாரி போவார், வசூல் முடிந்ததும் இறங்கிவிடுவார். மேலே இருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசும் மலைக்குடிகள்) தங்கள் காய்ச்சலோடும் கடனோடும் தாங்களாகவே வாழ்ந்து தாங்களாகவே செத்தார்கள். ஜெஸ்ஸியும் திருமணத்துக்கு முன்பே மலைக்குப் போய்வந்தவர்தான். போய்வருவதில் பயனில்லை, தங்கவேண்டும் என்று அவர் முடிவெடுத்ததிலிருந்துதான் கதை தொடங்குகிறது. கிறிஸ்தவ ஊழியம் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை போகச் சொல்கின்றன. தங்குவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சோளக்காட்டில் வண்டி மேட்டை எட்டிவிட்டது. இறங்கி நடந்தேன். சாலையோரக் கடைகளில் மலைவாழை, அன்னாசி, தேன், மிளகு. முடவாட்டுக்கிழங்கு சூப் ஆவி பறக்கிறது. மூட்டுவலிக்கு நல்லதென்று கீழிருந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. சரிவுகளில் மரவள்ளி, பள்ளங்களில் படிப்படியாக நெல்வயல். சாமையும் தினையும் கேழ்வரகும் முன்பெல்லாம் இங்கே எங்கும் விளைந்தவை; மரவள்ளி வந்தபின் குறைந்துபோய், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைக்காரர்களோடு சேர்ந்து அவற்றின் விதைகளை மீண்டும் விதைக்க வைக்கப் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். சங்கப் புலவர்கள் பாடிய கொடைவள்ளலின் மலை இது. அதன் வரலாற்றை ஒரு பாதிரியாரிடமிருந்து தொடங்குவது அறியாமை. பிராண்ட் தம்பதியர் வந்தபோது இங்கே வெற்றிடம் இருக்கவில்லை. தெய்வங்கள் இருந்தன, நாட்டார் முறைமை இருந்தது, பூசாரிகள் இருந்தார்கள்.

செம்மேட்டிலிருந்து வாழவந்தி நாட்டுக்குச் சாலை வயல்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் நடுவே போகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஜெஸ்ஸி தன் வீட்டைக் கட்டினார். மரச்சட்டங்களைச் சமவெளியில் அறுத்து, இழைத்து, ஆட்களின் தலையில் மலையேற்றி மேலே பொருத்தினார்கள். கறையான் ஏறாமலிருக்கத் தூண்களின் உச்சியில் கவிழ்த்த தகரத் தட்டுகளை வைத்து அதன்மேல் வீட்டை நிறுத்தினார். கட்டட வேலை தெரிந்தவர் என்பதால் மருந்துப் பெட்டியைப் போலவே ரம்பமும் உளியும் அவருடைய ஊழியக் கருவிகள் ஆயின. மலைப்பையன்களுக்குத் தச்சு வேலை, செங்கல் ஓடு செய்வது, நெசவு எல்லாம் கற்றுத்தந்தார். பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தார். பழமரங்கள் நட்டார். இந்த வேலைகளில் அவரோடு நின்ற தமிழ் ஊழியர்களையும், சட்டங்களைச் சுமந்து ஏறிய கூலியாட்களையும் பற்றிப் புத்தகங்கள் மிகக் குறைவாகவே சொல்கின்றன. அவர்களில்லாமல் ஒரு தூண்கூட மேலே வந்திருக்காது.

மலையில் அவர் செய்தவற்றில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால் நான் கிணற்றைச் சொல்வேன்.

நரம்புச் சிலந்தி என்ற நோயை இன்றைய தலைமுறை கேள்விப்பட்டிருக்காது. நல்லது. பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். காலில் கொப்புளம் வரும், தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். கொப்புளம் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளை நூலாக ஒரு புழுவின் முனை எட்டிப்பார்க்கும். நீளம் ஒரு மீட்டர் வரைகூட இருக்கும். தண்ணீர் பட்டதும் அது லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கக்கும். நீரிலுள்ள கண்ணுக்கு எட்டாத சிறு பூச்சிகள் அக்குஞ்சுகளை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவரின் உடம்புக்குள் பூச்சி செரித்துப்போய், குஞ்சு மட்டும் தப்பி வளர்ந்து, ஓராண்டு கழித்து அவர் காலில் கொப்புளமாக வரும். படிகளில் இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறு இருக்கும்வரை இந்தச் சுற்று முடியாது.

புழுவை இழுத்து எடுக்கவும் முடியாது. அறுந்தால் உள்ளே மிச்சமிருப்பது அழுகிச் சீழ்பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் முனையைச் சுற்றி, நாளைக்கு ஓரிரு அங்குலம் வீதம், வாரக்கணக்கில் பொறுமையாகச் சுற்றி எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்தார். ஒரு காலில் ஒரு புழு என்றில்லை. பல புழுக்கள் ஒரே உடம்பில் இருக்கும். தந்தையின் பக்கத்தில் நின்று இதைப் பார்த்த மகன் பால், சீழும் இரத்தமும் கண்டு குமட்டி, மருத்துவமே வேண்டாம் என்று சிறுவயதில் தீர்மானித்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

புழுவைச் சுற்றி எடுத்தவர் அதோடு நிற்காமல் கிணற்றுக்குப் போனார். கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொன்னார், தானும் எழுப்பினார். உள்ளே கால் வைக்க முடியாது, கயிறுபோட்டு வாளியில்தான் இறைக்க முடியும் என்றாகிவிட்டால் நோயின் கழுத்து அறுந்துவிடும். அறிவுக்கு எளிது, நடைமுறைக்குக் கடினம். தலைமுறைகளாக இறங்கிய படியை ஒரு வெளியூர்க்காரர் அடைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? கேட்கவைக்க அந்த ஊரிலேயே வாழ்ந்து, அந்தத் தண்ணீரையே குடித்து, ஆண்டு முழுதும் அவர்கள் கண்முன் இருக்கவேண்டியிருந்தது. பிற்காலத்தில் இந்திய அரசு இதே வழியில், படிக்கிணறுகளை மாற்றியும் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லியும், 1980-களில் நாடு தழுவிய திட்டம் நடத்தியது. தமிழ்நாடும் அத்திட்டத்தில் இருந்த மாநிலம். கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி அற்ற நாடாக அறிவித்தது. கொல்லிமலையில் ஒரு மிஷனெரி கல் அடுக்கத் தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

எதிர்ப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. பூசாரி ஒருவர் இவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். மருந்து வாங்கலாம், பல் பிடுங்கிக்கொள்ளலாம். இவர்கள் சாமியைக் கும்பிட்டால் ஊர் சும்மா இருக்காது என்பது நிலை. மலைக்காரருக்காக ஜெஸ்ஸி வரி முறைகேடுகளைப் பற்றி அரசுக்கு மனு எழுதியபோது, அந்த முறைகேட்டில் பிழைத்தவர்களும் பகையானார்கள். பூசாரியின் பக்கத்து நியாயத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். தன் மலை, தன் தெய்வம், தன் மக்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறார் என்றால் எவருக்கும் கோபம் வரும். மேலும் அன்றைக்கு நாட்டை ஆண்டதும் வெள்ளைக்காரர்கள். ஆட்சியையும் ஊழியத்தையும் மலைக்காரர் சேர்த்துத்தான் பார்த்திருப்பார்கள்.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஒருவர்கூட அவர்கள் சபையில் சேரவில்லை. இதைச் சற்று நிதானமாக எண்ணிப்பார்க்கவேண்டும். லண்டனில் காணிக்கை கொடுத்தவர்களுக்கு ஜெஸ்ஸி எழுத ஓர் எண்கூட இல்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளிலும் பல் பிடுங்கினார், புழுவைச் சுற்றினார், கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார், ஈவ்லின் கைவிடப்பட்ட குழந்தைகளைத் தூக்கிவந்து பால் புகட்டினார். மதம் மாற்றத்தான் சேவை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. கிறிஸ்தவனாகிய நான் அதை மறைக்கமாட்டேன். பிராண்ட் தம்பதியர் தங்கள் ஆண்டவரை மலைக்காரர்கள் ஏற்கவேண்டும் என்று மனமார விரும்பினார்கள், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளாதவரின் காலிலிருந்தும் புழு வெளியே வந்தது. சேவையை விலையாக வைத்தவர் ஆறு ஆண்டு காத்திருக்கமாட்டார். கடையை மூடிக்கொண்டு போயிருப்பார்.

பிறகு 1918-ன் விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் வாரிக்கொண்ட இன்புளுயன்சா. அது மலையேறி வந்தபோது வீடுவீடாக ஆட்கள் விழுந்தார்கள். தொற்றுக்கு அஞ்சி உறவினர்களே விலகினார்கள். நோயாளிகளில் பலர் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை; கஞ்சி ஊற்றவும் ஆளில்லாமல் செத்தார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். அவர்கள் வாசலுக்கும் கஞ்சி போயிற்று. சாகும் தறுவாயில் பூசாரி ஜெஸ்ஸியை அழைத்தார். தன் பிள்ளைகளை, கைக்குழந்தையான மகளையும் சேர்த்து, அவர்களிடமே ஒப்படைத்தார். இவ்வளவு காலம் எதிர்த்த மனிதரிடம் பெற்ற குழந்தையைக் கொடுக்க அந்தத் தகப்பன் என்ன பாடுபட்டிருப்பார்! தன் கூட்டத்தில் யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் பகைவராகத் தான் நினைத்தவர் கஞ்சியோடு வந்ததைப் பார்த்துவிட்டார். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலைக்காரர் சிலர் ஜெபக்கூடத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

வாழவந்திப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் வழி கேட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். கல்லறை என்றதும் பாயை விட்டு எழுந்து, “உக்காரு தம்பி, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். தோட்டத்துக் காப்பி, வெல்லம் போட்டது. ஈவ்லின் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“பாக்காம என்ன? நான் சின்னப்புள்ள. குட்டைக் குதிரையில வருவாங்க. ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சிக்கிட்டு வருவாங்க. ரொம்ப வயசு. நடக்க முடியாது, ரெண்டு கையிலயும் மூங்கில் தடி. ஆனா குரல் மட்டும் கணீர்னு இருக்கும். எங்க அம்மா எனக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டுப் போயி காட்டினாங்களாம்.”

“நீங்க கிறிஸ்தவங்களா பாட்டி?”

“இல்ல தம்பி. நாங்க சாமி கும்புடறவங்க. அவங்க மருந்துக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க.”

அந்தப் பாட்டி பார்த்த பாட்டியின் கதை, ஜெஸ்ஸியின் கதையைவிட என்னை அதிகம் பாதித்தது. 1923-ல் தம்பதியர் இங்கிலாந்து போனபோது, ஒன்பது வயது மகன் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். இதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. பிள்ளைகளை இப்படி விட்டுவருவது அக்காலத்து மிஷனெரிக் குடும்பங்களின் வழக்கம் என்று சொல்வார்கள். வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடாது. கொல்லிமலையில் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து பாடம் படித்த பையன் லண்டன் வீட்டுக்குள் அடைபட்டான். தந்தையை அவன் மறுபடி பார்க்கவேயில்லை. 1929 ஜூன் 15-ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நோய். வயது 44. தந்தி லண்டனை அடைந்த பிறகும் அவர் மகனுக்கு முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை உள்ளிட்ட ஐந்து மலைகளுக்கும் போகவேண்டும் என்பது அவர்கள் இருவரும் சேர்ந்து கண்ட கனவு. கணவர் போன பின் ஈவ்லின் அதை நிறைவேற்ற நின்றார். தடை இந்தமுறை பூசாரியிடமிருந்து வரவில்லை, மிஷனிடமிருந்தே வந்தது. அவரை மலைக்கு அனுப்பாமல் சமவெளி வேலைகளில் வைத்தார்கள். கீழ்ப்படிந்து செய்தார். 1947-ல், அறுபத்தெட்டாவது வயதில், ஓய்வுபெற்று இங்கிலாந்து போகும் காலம் வந்தது. வயதைக் காரணம் காட்டி மலை ஊழியத்துக்கு அனுமதி மறுத்தார்கள். அவர் மிஷன் ஊழியத்திலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு, மிஷன் சம்பளமில்லாமல், தன்னிச்சையாகக் கொல்லிமலைக்குத் திரும்பி ஒரு சிறு குடில் போட்டுக்கொண்டார். சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. அவர் இப்போது யாருடைய ஊழியரும் அல்லர்.

அறுபத்தெட்டில் தொடங்கிய அந்த இரண்டாவது வாழ்க்கை இருபத்தேழு ஆண்டுகள் நீண்டது. எழுபத்தைந்தாவது வயதில் மலைமேல் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஓர் இரவு முழுதும் தரையில் தனியாகக் கிடந்தார். மறுநாள் காலையில் வேலையாள் பார்த்து, நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் சுமந்து மலையிறக்கி, ஜீப்பில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோனார்கள். மகன் பால் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர். இனி மலைக்குப் போகவேண்டாம் அம்மா என்று மன்றாடினார். பயன்படுத்தாமல் இந்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்பதுதான் அவர் கருத்து. எலும்பு கூடியதும் மலைக்குத் திரும்பிவிட்டார். முகம் சுருங்கி, கால்கள் தளர்ந்து, கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். குதிரையில் முடியாதபோது டோலியில் போனார். ஐந்து மலைகளிலும் ஊழியம் நிலைபெற்ற பின்னரே கண்ணை மூடினார்.

எதிர்ப்பு என்றாலே நாம் வெளியே இருக்கும் பகைவரை நினைக்கிறோம். ஈவ்லினை நிறுத்தப் பார்த்தவர்கள் அவரை நேசித்தவர்கள்: மிஷன் நிர்வாகம், நண்பர்கள், பெற்ற மகன். அன்போடு சொல்லப்படும் “போதும், ஓய்வெடுங்கள்” என்பதை மறுப்பது பூசாரியின் கோபத்தைத் தாங்குவதைவிடக் கடினம். பாட்டி கொடுத்த காப்பி தீரும்வரை இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகனின் கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. மலையில் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் சிலர் வீட்டுக்கு வந்ததையும், தந்தை கையுறை போட்டு அவர்கள் புண்களைக் கட்டியதையும், பிள்ளைகளைக் கிட்டே வரவேண்டாமென்று தடுத்ததையும் பால் மறக்கவில்லை. முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்றார், பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு மடங்கிப்போன கைகளைக் காட்டினார். உலகில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரும் இவற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று அறிந்து அதிர்ந்தார். விரல்கள் நோயால் அழுகி விழவில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயம் பட்டுப் பட்டுத் தேய்கின்றன என்பதை நிறுவினார். செயலிழந்த தசைக்குப் பதில் நல்ல தசைநாரை எடுத்துப் பொருத்தி, மூடிய கையைத் திறக்கவைத்தார். தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்றவர் ஓடிவிடுவார்கள் என்று அவருக்கும் எதிர்ப்பு இருந்தது. தொழுநோயாளிகளுக்காக 1951-ல் நவஜீவ நிலையம், 1955-ல் கரிகிரி ஆராய்ச்சி நிலையம் எழுந்தன. மரத்துப்போன பாதங்களுக்கு மிருதுவான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு செய்ய, தச்சனாகக் கற்றது உதவிற்று. தமிழ்நாட்டில் அந்தச் செருப்பை அணிந்து வேலைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

கல்லறைகள் ஆரவாரமில்லாமல் இருக்கின்றன. இரண்டும் பக்கம் பக்கமாக. ஜெஸ்ஸியை 1929-ல் இங்கே புதைத்தார்கள். 1974 டிசம்பர் 18-ல் ஈவ்லின் தொண்ணூற்றைந்தாவது வயதில் இறந்தபோது, அவர் சொல்லிவைத்தபடியே பெட்டி செய்யாமல், பருத்தித் துணியில் சுற்றி, கணவர் பக்கத்தில் மண்ணில் வைத்தார்கள். மலைக்காரர்கள் ஒன்றாக நின்று அடக்கம் செய்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி. என்னோடு வந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் இவற்றைத் தினமும் பார்க்கிறவன். நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சாயங்கால வண்டி போய்விடும் என்று எனக்கு நினைவூட்டினான்.

திரும்பும் வழியில் செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினேன். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். சாலை வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வருகிறது. மேலே வேலைக்கு வருகிறவர்களில் பலர் மாலை வண்டியில் இறங்கிவிடுகிறார்கள் என்று வண்டியில் என் பக்கத்தில் அமர்ந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நம் சபைகளில் ஊழிய ஞாயிறு கொண்டாடுகிறோம், காணிக்கை எடுக்கிறோம், மலைக்குக் குழு அனுப்பிப் படம் எடுத்துவருகிறோம். இவற்றைக் குறைசொல்லவில்லை. ஆனால் மருத்துவமும் செவிலியமும் ஆசிரியப் பயிற்சியும் படித்த நம் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கொல்லிமலையோ கல்வராயனோ சித்தேரியோ, உங்களுக்கு வேலை கிடைக்கும் மலையில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். அவர்கள் தண்ணீரைக் குடியுங்கள், அவர்கள் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கட்டும். வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கேட்காதீர்கள். யாரும் உங்கள் சபைக்கு வராவிட்டாலும், ஆறு ஆண்டு ஆனாலும், இறங்கிவிடாதீர்கள்.